மணல் மேட்டில் உட்கார்ந்து பார்த்த கப்பல்

டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கிய பையன்கள் உள்ளே போனதும் செய்த முதல் வேலை மணலைக் குவிப்பது. முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமலிருக்க ஒரு மேடு. பின்னால் இருப்பவர் அதட்டினால் மேடு கலையும். அவர் முறுக்குக் கூடைக்காரரைக் கூப்பிடத் திரும்பியதும் மறுபடி முளைக்கும். கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்களின் பிள்ளைகள் பலர், அப்படியொரு மணல் மேட்டில் உட்கார்ந்துதான் பாய்மரக் கப்பலை முதன்முதலாகப் பார்த்தார்கள். படம், ‘ஆயிரத்தில் ஒருவன்’.

1965 ஜூலை 9 அன்று வெளிவந்த இந்த வண்ணப் படத்தைத் தயாரித்து இயக்கியவர் பி.ஆர்.பந்துலு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ என்று சிவாஜியை வைத்துப் பெரிய படங்களாக எடுத்துவந்தவர், எம்.ஜி.ஆரோடு முதன்முதலாகக் கைகோத்தது இதில்தான். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜோடி சேர்ந்த முதல் படமும் இதுவே. பின்னாளில் அந்த ஜோடியின் கணக்கு 28 படங்களில் போய் நின்றது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்குமுன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படம் என்பார்கள் பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? கப்பல் வந்தால் போதும்.

கப்பல் உடனே வந்துவிடாது என்பதுதான் இந்தப் படத்தின் அழகு. நாயகன் மணிமாறன் மாவீரனாக அறிமுகமாவதில்லை; அவன் ஒரு வைத்தியன். கொடுங்கோலாட்சியை எதிர்த்துக் காயம்பட்ட கலகக்காரர்களுக்கு மருந்து போடுகிறான். அதுவே குற்றமாகிறது. கலகக்காரர்களோடு சேர்த்து அவனையும் கன்னித்தீவுக்கு அடிமையாக அனுப்புகிறார்கள். அடிமைகளின் கைவிலங்கும் சவுக்கடியும் சிறுவர்களின் தொண்டையை அடைத்தன. அதற்குப் பிறகு கடற்கொள்ளையர் வந்து, வாள் சுழன்று, அடிமைகள் கப்பலேறியபோது கொட்டகையில் விசில் பறந்தது. முதல் பாதியில் பட்ட கோபத்துக்குக் கிடைத்த பதில் அது. சண்டையை மட்டும் காட்டியிருந்தால் இந்தப் படம் இத்தனை காலம் மனத்தில் நின்றிருக்காது.

கன்னித்தீவு என்ற பெயர் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1960இலிருந்து ‘தினத்தந்தி’யில் சிந்துபாத் அலைந்துகொண்டிருந்த படக்கதைக்கும் அதே பெயர். கதை வேறு என்றாலும், தினமும் காலையில் கறுப்பு வெள்ளையில் கட்டம் கட்டமாகப் பார்த்த பெயர், சாயங்காலம் வண்ணத்தில் திரை முழுக்க விரிந்தால் எந்தப் பிள்ளைதான் நிமிர்ந்து உட்காராது?

கதையின் வேரைத் தேடிப் போனால் அதுவே இன்னொரு சாகசம். 1685இல் இங்கிலாந்து மன்னரை எதிர்த்து மான்மத் பிரபு நடத்திய கலகம் தோற்றது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த ஹென்றி பிட்மன் என்ற அறுவை மருத்துவரையும் பிடித்து, பார்படோஸ் தீவுக்கு அடிமைபோல அனுப்பினார்கள். அவர் சிறு படகில் தப்பி, ஆளில்லாத தீவொன்றில் ஆமைக் கறி தின்று உயிர்பிழைத்து, ஊர் திரும்பி 1689இல் தன் அனுபவத்தை எழுதி வெளியிட்டார். இந்த வரலாற்றைத் தழுவி ரஃபேல் சபாட்டினி 1922இல் ‘கேப்டன் பிளட்’ நாவலை எழுத, அது 1935இல் எரால் ஃபிளின் நடித்த ஹாலிவுட் படமானது. அந்தப் படத்தையும் ‘ஆயிரத்தில் ஒருவ’னையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு உறவு சட்டென்று புரியும்.

தழுவல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. மணிமாறனின் நாட்டுக்கு இங்கே வைத்த பெயர் நெய்தல் நாடு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று தமிழ் வகுப்பில் ஒப்பித்த சிறுவனுக்கு, அந்த ஒரு பெயரிலேயே கதை தன் ஊர்க் கதையாகிவிட்டது. வசனம் எழுதிய ஆர்.கே.சண்முகம் இன்னும் ஒரு படி மேலே போனார். வாள் உறையிலிருந்து வெளிவருமுன் நாக்கு வந்துவிடும். வில்லன் மதயானையை உவமை சொன்னால் நாயகனிடமிருந்து சிங்கம் பாய்ந்து வரும். நம்பியார், மனோகர், ராமதாஸ் என்று மூன்று வில்லன்கள் இருந்தால் உவமைகளுக்குப் பஞ்சமா? மறுநாள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் அந்தச் சொற்போர் அட்சரம் பிசகாமல் நடக்கும்.

பிறகு விளையாட்டு. அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டி கப்பலாகும். மூங்கில் கழி கொடிமரம், அம்மாவின் பழைய புடவை பாய், வாழைமட்டை வாள். மணிமாறனாக இருக்க எல்லாருக்கும் ஆசை. நாகேஷாக நடிக்க ஒரு குறும்புக்காரன் முன்வருவான். அடிமைகளாக நிற்கச் சின்னப் பிள்ளைகளைப் பிடித்துவந்து வைப்பார்கள். காதல் பாட்டுகளுக்கு மட்டும் இந்த விளையாட்டில் இடமில்லை. கொட்டகையிலும் அப்படித்தான், அந்த நேரத்தில் கடலைமிட்டாய் வாங்க எழுந்து போய்விடுவார்கள். ஆனால் கப்பல் தளத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் விடுதலைப் பாட்டு வந்தால் ஒருவரும் அசைவதில்லை. கண்ணதாசன் எழுதி, டி.எம்.சௌந்தரராஜனின் கணீர்க் குரலும் கோரஸும் சேர்ந்த அந்தப் பாட்டில் பறவையும் அலையும் வானமும் வருகின்றன. அடிமைத்தளை அறுந்தவனின் சந்தோஷத்தைக் குழந்தைக்கும் புரியும் சொற்களில் சொன்ன திரைப்பாடல் தமிழில் இதற்கு நிகராக வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

2014 மார்ச்சில் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். சென்னையில் அது வெள்ளிவிழா கொண்டாடியது. ஒரு காலத்தில் மணலில் மேடு கட்டியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து, குளிரூட்டிய அரங்கின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

வீட்டில் எட்டு, பத்து வயதில் பிள்ளை இருந்தால் ஒரு விடுமுறை நாளில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். கைப்பேசியில் வேண்டாம், இருப்பதிலேயே பெரிய திரையில். கப்பல் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.