மலை ஏறும் பிக்அப் வண்டியை விற்கப் போகிறீர்களா?
பெயர் மாறும் வரை பொறுப்பு உங்களுடையதே!

பெங்களூரில் வண்டித் தொழிலை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் ஏராளம். டிரைவர், மெக்கானிக், வெல்டர், பெயிண்டர், ஜே.சி. ரோடு உதிரி பாகக் கடை ஊழியர் என்று எங்கே திரும்பினாலும் நம்மவர்கள்தான். வேலை தெரிந்த கைக்கு ஆசை வருவதும் இயற்கை. மூட்டை ஏற்ற வாங்கிய பிக்அப் வண்டியைச் சிலர் மலை ஏறும் வண்டியாகவே மாற்றிவிடுகிறார்கள்.

சக்லேஷ்பூர், குடகு, சிக்மகளூர் பக்கத்து எஸ்டேட் பாதைகளில் மழைக் காலத்தில் சேறு முழங்கால் வரை நிற்கும். அதில் ஓட்ட வேண்டும் என்றால் சாதாரண வண்டி போதாது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துகிறார்கள். பெரிய டயர் போடுகிறார்கள். முன்னால் இரும்பு பம்பர். அதில் கம்பி வடம் சுற்றிய வின்ச். தண்ணீரில் இறங்கினாலும் என்ஜின் காற்று இழுக்கும்படி கூரை வரை குழாய். மேலே வரிசையாக விளக்குகள்.

பார்ப்பதற்குக் கம்பீரம்தான். ஆனால் ஒரு நாள் அதை விற்க வேண்டி வருகிறது. தங்கை கல்யாணம், பிள்ளையின் காலேஜ் கட்டணம், ஊரில் வீட்டு வேலை என்று ஏதாவது ஒரு காரணம். அப்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

போட்ட பணம் வருமா?

வராது. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்குக்காக, வண்டியின் சந்தை விலை ரூ.6 லட்சம், மாற்றங்களுக்குச் செய்த செலவு ரூ.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி ரூ.9 லட்சம் கேட்டால் வாங்க வருகிறவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். உங்கள் ஆசைக்குப் போட்ட பணத்தை அடுத்தவர் ஏன் தர வேண்டும்? மூட்டை ஏற்றுகிறவருக்கு வின்ச் எதற்கு? பாரம் அடிக்கிறவருக்குக் கூரைக் குழாய் எதற்கு? அவரைப் பொறுத்தவரை இவை எல்லாம் சந்தேகத்துக்கு உரிய பொருள்கள். 'இந்த வண்டியை எந்தப் பள்ளத்தில் இறக்கினாரோ, எத்தனை தடவை குப்புற விழுந்ததோ' என்றுதான் யோசிப்பார்.

அந்த யோசனையில் நியாயமும் உண்டு. வண்டியை உயர்த்தினால் அதன் பாரம் மேலே போகிறது. வளைவில் சாயும் அபாயம் கூடுகிறது. என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளின் கோணம் மாறி, ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. பெரிய டயரால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பளு அதிகம்.

ஸ்பீடோமீட்டர் கூடப் பொய் சொல்லும். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்ட வண்டியில் முள் 60 காட்டினால், உண்மையான வேகம் சுமார் 66 கிலோ மீட்டர். ஓடிய தூரமும் அதே கணக்கில் குறைவாகவே பதிவாகும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். கம்பெனி தயாரித்துக் கொடுத்தபோது இருந்த விவரங்களும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு.

2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. கேரள ஐகோர்ட்டு அளித்திருந்த சலுகையை ரத்து செய்து, கம்பெனியின் அசல் அமைப்பை மீறி வண்டியை மாற்றுவதற்கு அனுமதி இல்லை என்று தீர்ப்புக் கூறியது.

அதே ஆண்டு செய்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் வந்துவிட்டது. 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். விதிக்கு முரணான வண்டியை விற்கும் வியாபாரிக்கு ஓராண்டு வரை ஜெயில் அல்லது வண்டிக்கு ரூ.1 லட்சம் அபராதம். புரோக்கர்களும் பழைய வண்டிக் கடைக்காரர்களும் இந்த மாதிரி வண்டி என்றால் கையை விரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக்கும் தடை உண்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு இதைப் பற்றி எழுதிவிட்டது.

சரக்கு வண்டியாகப் பதிவான பிக்அப் என்றால் எப்.சி.க்கும் போக வேண்டும். அங்கே இந்த மாற்றங்களுடன் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எப்.சி. இல்லாத வண்டியை யார் வாங்குவார்?

வழி என்ன?

கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். பழைய ஸ்பிரிங், டயர், பம்பர் ஆகியவற்றை மறுபடியும் பொருத்தி, வண்டியை ஆர்.சி.யில் உள்ளபடி கொண்டுவந்துவிடுங்கள். பிறகு எப்.சி. காட்டுங்கள். வாங்க வருகிறவர்கள் எண்ணிக்கை தானாகக் கூடும்.

வின்ச், டயர், விளக்கு போன்றவற்றைத் தனித்தனியே விற்கலாம். மலைப் பாதை வண்டி வைத்திருப்பவர்கள் இவற்றைத் தேடி வாங்குவார்கள். வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் கிடைக்காத பணம், பிரித்துக் கொடுத்தால் ஓரளவாவது கைக்கு வரும்.

சேஸிஸ்சில் வெல்டிங் வைத்திருந்தாலோ, என்ஜினை மாற்றியிருந்தாலோ மறைக்காதீர்கள். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நீங்களே முதலில் பாருங்கள். எண் மாறியிருந்தால் பெயர் மாற்றமே நின்றுவிடும்.

செய்த மாற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெற்றுக் கையெழுத்து வேண்டாம்!

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

பணம் கைக்கு வந்ததும் 29, 30 எண் பாரங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். 'மற்றதை வாங்கினவர் பார்த்துக்கொள்வார்' என்ற நினைப்பு. இது ஆபத்து.

வடநாட்டில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் 2007-ல் தம் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு விற்றார். இப்படிக் கை மாறிய வண்டி 2009 மே மாதம் மோதி ஓர் உயிர் போனது. அதற்கான இழப்பீடு ரூ.3 லட்சத்து 75 ஆயிரம். ஆர்.சி. புத்தகத்திலோ முதல் சொந்தக்காரர் பெயர்தான் இருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று கோர்ட்டு கூறிவிட்டது. விற்று இரண்டு வருஷம் ஆன வண்டிக்காக, விற்றவர் தலையில் கடன்!

ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு கூடை மாம்பழம் ஒப்படைத்தாலும் ரசீது வாங்காமல் யாரும் நகர்வதில்லை. லட்சக்கணக்கில் விலை போகும் வண்டிக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளில் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்து, 35-ம் எண் பாரம் வாங்கிக் கடன் பதிவை நீக்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி என்று தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால், இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் 28-ம் எண் பாரத்தில் தடையில்லாச் சான்றிதழும் தேவை.

கடைக்காரரிடம் விற்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறைப்படி ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அதுமுதல் அந்த வியாபாரியே சொந்தக்காரராகக் கருதப்படுவார். ஆனால் அங்கீகாரச் சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் தேதி, நேரம், கிலோ மீட்டர் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலும் இருக்கட்டும். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்து நீங்களே பாருங்கள். மாறவில்லை என்றால் மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விடுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை!