பாரிஸ்டர் வழங்கிய பஞ்சலோகத் திருமேனி

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் உளுந்தூர்பேட்டையில் இரவிலும் சரண கோஷம் ஓய்வதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருமுடி தாங்கிய அன்பர்களின் வாகனங்கள் தேநீர்க் கடைகளின்முன் வரிசையாக நிற்கும். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த இளைஞர் ஒருவரிடம், "சபரிமலையில் தாங்கள் தரிசிக்கப்போகும் திருமேனியை வழங்கியவர் யார் தெரியுமா, சாமி?" என்று வினவினேன். அவர் அறிந்திருக்கவில்லை. அன்று அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அப்பெருமகனார் பி.டி. இராசன். 1892-இல் உத்தமபாளையத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். 1920-இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார், 1930-இல் அமைச்சரானார். 1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவும் விளங்கினார். ஐந்து மாதங்கள்கூட நிறையாத பதவி அது!

அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சியும் வீழ்ந்தது, அவரும் தோற்றார். 1944-இல் நீதிக்கட்சி, பெரியாரின் தலைமையில் திராவிடர் கழகமாயிற்று. இராசன் அவ்வழியில் செல்லவில்லை. எஞ்சிய சிலருடன் பழைய பெயரிலேயே கட்சியை நடத்தினார். 1952-இல் கம்பம் தொகுதியில் வென்றாரெனினும், அமைச்சர் பதவி மீண்டும் அவரை நாடி வரவில்லை.

ஆனால், இறைவன் அவருக்கென வேறு பணியை வைத்திருந்தான்.

1950-இல் சபரிமலை ஆலயம் தீக்கிரையாயிற்று. மூல விக்கிரகமும் சிதைந்தது. செய்தி கேட்ட பக்தர்கள் கலங்கினர். அப்போது புதிய பஞ்சலோகத் திருமேனியை வழங்க முன்வந்தவர் இராசன். நாடகக் கலைஞர் நவாப் இராசமாணிக்கமும் துணைநிற்க, அத்திருமேனி தமிழகத்தில் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. மலையேற இயலாத முதியோரும் தத்தம் ஊரிலேயே ஐயனைக் கண்டு கைகூப்பினர். 1951-இல் சபரிமலையில் பிரதிஷ்டை நடைபெற்றது. பின்னர் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயில் திருப்பணிக் குழுவிற்கும் அவர் தலைமை ஏற்றார்; 1963-இல் கும்பாபிஷேகம் இனிதே நிறைவேறியது. 1974-இல் இறைவனடி சேர்ந்தார்.

சபரிமலை தீப்பற்றியபோது அவருக்கு வயது 58. பலரும் பணி ஓய்வு பெறும் வயது. மதுரைக் கும்பாபிஷேகத்தின்போதோ 71!

வங்கியில் பெட்டகச் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்த நாளில், இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்று நானும் கலங்கியதுண்டு. இப்பெரியவரின் வாழ்வை நினைக்கையில் அக்கலக்கம் தணிகிறது. அவர் வகித்த பதவியை இன்று நினைப்போர் சிலரே. அவர் அளித்த திருமேனியின்முன் கைகூப்புவோரோ எண்ணிலடங்கார்.

நாற்காலி நம்மை விட்டு நீங்கலாம், தொண்டு நீங்குவதில்லை. நம் ஊர்க் கோயிலில் ஒரு விளக்குக்கு எண்ணெய் வார்க்கவும் வயது ஒரு தடையன்று.

சுவாமியே சரணம் ஐயப்பா!