கணினிவழி வரைதலில் தாமதமும் அதன் பரிகாரமும்

எந்திரத்தையோ கட்டடத்தையோ பாலத்தையோ ஆக்கத் தொடங்குமுன் அதன் வடிவை அளவோடு வரைந்து காணுதல் பொறியியலாரின் தொன்றுதொட்ட வழக்கமாகும். வரைபலகையும் மைக்கோலும் கொண்டு செய்யப்பட்டுவந்த அப்பணி இந்நாளிற் கணினியின்பாற் சென்றுவிட்டது. காட் எனச் சுருக்கமாக வழங்கும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளைப் பயிலாத பொறியியன் மாணவரைக் காண்டல் அரிது. அதனைக் கையாளுவோர் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. வரைபடம் சிறிதாயிருந்தபோது சொன்னவுடன் கேட்ட கணினி, உறுப்புக்கள் பெருகப் பெருகத் தயங்குகின்றது. கட்டளையிட்ட பின்னும் திரை அசையாது நிற்கின்றது. இக்குறை தோன்றியவுடன் பெரும்பொருள் கொடுத்துப் புதிய வன்பொருளை வாங்குதல் பலர் செய்யும் பரிகாரம். வாங்கிய பின்னரும் தாமதம் முன்போலவே நிற்றலுண்டு. இஃது எதனால் நேர்கின்றது என்பது ஆராயற்பாலது.

தாமதத்தைச் சிறு இடையூறென்று தள்ளிவிடல் பொருந்தாது. 1982ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த வோல்ற்றர் டொஹேர்ட்டி, ஆர்விந்த் தடானி என்னும் இருவரும் கணினியின் மறுமொழிக் காலத்தைப் பற்றி ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கணினி விடைதரும் காலம் குறையுந்தோறும், அடுத்த கட்டளையை இடுவதற்கு மனிதர் எடுத்துக்கொள்ளும் காலமும் உடன் குறைகின்றது என்பது அவ்வாய்வு காட்டிய உண்மை. காத்திருக்கும்போது சிந்தனை அறுந்துவிடுகின்றது. அறுந்த இழையை மீளப் பிடிப்பதற்கும் நேரம் செலவாகின்றது. ஆகவே கணினி தாமதிக்கும் ஒவ்வொரு கணமும் மனிதரின் தாமதத்தையும் உடனழைத்து வருகின்றது எனலாம்.

இத்துறையின் வரலாறு இவ்விடயத்தை விளக்கத் துணைபுரியும். 1963ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் தம் கலாநிதிப் பட்ட ஆய்வாக ஸ்கெச்பாட் என்னும் வரைதல் முறையை ஆக்கினார். ஒளிப்பேனாவால் திரையிற் கோடு வரைவதற்கு, லிங்கன் ஆய்வுகூடத்து ரி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணினி முழுவதும் அவ்வேளையில் ஒருவர்க்கே ஒதுக்கப்பட வேண்டியிருந்தது. 1982ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த ஓட்டோகாட், இவ்வகைப் பணியை மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணினிக்குக் கொணர்ந்தது. ஆயின், அக்கால ஐ.பி.எம். தனியாள் கணினியின் செயலி, தசமப் பின்னங்களோடு கூடிய எண்களைக் கணிக்கும் தனிக்கருவி இல்லாதது. வரைபடத்தின் கோடுகளோ அத்தகைய எண்களாகவே சேமிக்கப்பட்டிருந்தன. வரைபடத்தை முற்றாக மீளாக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கோட்டையும் திரைப்புள்ளிகளுக்கு ஏற்பக் கணித்து மாற்றவேண்டியிருந்தமையின், பெரிய வரைபடம் மீளத் தோன்றும்வரை நெடுநேரம் காத்திருத்தல் வழக்கமாயிற்று.

இதற்குரிய பரிகாரம் இன்ரெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8087 என்னும் கணிதத் துணைச்செயலியாக அமைந்தது. அச்சிறு சில்லினைப் பொருத்தியவுடன் கணிப்பு வேகம் பன்மடங்காயிற்று. 1987இல் வெளிவந்த ஓட்டோகாட் பதிப்பு அத்தகைய துணைச்செயலி இல்லாத கணினியில் இயங்காது என்னும் நிலையும் ஏற்பட்டது. தாமதத்தின் காரணம் பின்ன எண்களின் கணிப்பு. பொருத்திய உறுப்பும் அக்கணிப்பையே செய்வது. காரணமும் பரிகாரமும் ஒன்றோடொன்று பொருந்தியமையாலேயே பயன் விளைந்தது. அன்று காரணம் பெரும்பாலும் ஒன்றாயிருந்தது. இன்றோ அது பலவாய்ப் பிரிந்துள்ளது. பரிகாரத்திற் குழப்பம் நேர்தற்கு மூலமும் இதுவே.

இக்காலக் காட் மென்பொருள் செய்யும் தொழிலை மூவகைப்படுத்தலாம். வடிவத்தைக் கணித்து ஆக்குதல் ஒன்று. ஆக்கியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. அதனைத் திரையிற் காட்டுதல் பிறிதொன்று. முதலாவது செயலியின் தொழில். இரண்டாவது நினைவகத்தின் தொழில். மூன்றாவது பெரும்பாலும் வரைவியல் அட்டையின் தொழில். இவற்றுள் ஒன்று தளரின் மற்றவை வலியவாயினும் பயனில்லை.

முதற்கண் ஆக்குதலை நோக்குவது முறையாகும். 1980களின் பிற்பகுதியில் வந்த புரோ எஞ்சினியர், 1995இல் வந்த சொலிட்வேர்க்ஸ் முதலியன, ஒரு பொருளை அது பிறந்த படிமுறையோடு நினைவில் வைப்பன. தகடு ஒன்றை அமைத்தல், அதில் துளையிடுதல், துளையின் விளிம்பை வளைவாக்குதல் என ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படியைப் பற்றி நிற்கும். தகட்டின் அளவை மாற்றின் துளையை மீளக் கணித்த பின்னரே விளிம்பைக் கணிக்கலாம். அத்திவாரம் இடுமுன் சுவர் எழாது; சுவர் எழுமுன் கூரை ஏறாது. தச்சர் நூற்றுவரை அழைப்பினும் இவ்வொழுங்கு மாறுவதில்லை.

இன்றைய செயலி ஒன்றனுள் கோர் எனப்படும் கணிப்புக் கூறுகள் பல உள்ளன. அவற்றின் தொகை மிகுந்தால் வேகமும் அவ்வளவு மிகும் என்று எண்ணுவது இயல்பே. அது தவறென்பதை 1967இல் ஜீன் அம்டால் என்னும் கணினி அறிஞர் எடுத்துக்காட்டினார். ஒரு பணிக்கு 20 நிமிடம் செல்கின்றது எனக் கொள்க. அதில் 15 நிமிடப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கது. எஞ்சிய 5 நிமிடப் பகுதி பலர்க்கும் பகிர்ந்தளிக்கத்தக்கது. ஐந்து கோர்கள் பகிர்ந்து செய்யின் 5 நிமிடம் 1 நிமிடமாகும். மொத்தம் 16 நிமிடம். ஐம்பது கோர்களை வைப்பினும் 15 நிமிடத்துக்குக் கீழே இறங்கல் இயலாது. ஆனால், ஒரே கோரின் வேகம் நூற்றுக்கு 25 வீதம் கூடினால், அத்தனிக் கோரே அப்பணியை 16 நிமிடத்தில் முடித்துவிடும். ஆகவே, பொருளை ஆக்கித் திருத்தும் பணிக்குக் கோர்களின் தொகையினும் தனிக்கோரின் வேகமே சிறந்தது. அழுத்தப் பகுப்பாய்வு, ஒளிநிழலோடு கூடிய படங்களை ஆக்குதல் ஆகியன இதற்கு மாறானவை. அவை பகிர்ந்து செய்யத்தக்கனவாதலின் பல கோர்களால் நற்பயன் பெறுவன.

தனிக்கோரின் வேகத்தை வேண்டியவாறு கூட்டிக்கொள்ளல் ஆகாதோ எனின், அதற்கும் எல்லையுண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் துடிப்பு வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ், 2004இல் அது 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை வந்தது. ஏறக்குறைய 800 மடங்கு வளர்ச்சி இது. அதன்பின் வெப்பம் தடையாயிற்று. 2024இல் எட்டிய உச்சம் 6.2 கிகாஹேர்ட்ஸ், இருபது ஆண்டுகளில் இருமடங்குகூட இல்லை. ஒரு துடிப்பிற் செய்யப்படும் வேலை பெருகியதால் மேலும் பயன் கிடைத்துள்ளதாயினும், முன்னைய பாய்ச்சல் மீளவில்லை.

அடுத்து நினைவகம். ஆக்கிய பொருள் முழுவதும் நினைவகத்தில் அடங்கும்வரை இடரில்லை. அடங்காது மிகுந்தவழிப் பணிசெயல் முறைமை அதில் ஒரு பகுதியைச் சேமிப்புத் தட்டுக்கு அனுப்பி, வேண்டும்போது மீட்டெடுக்கும். நினைவகத்தில் ஒன்றை எடுக்க ஏறக்குறைய ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு செல்லும். அதனை ஒரு நொடியாகப் பெருக்கி நோக்கின், சுழலுந் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்திலிருந்து எடுத்தற்கு 17 நிமிடமளவும், சுழலும் வன்தட்டிலிருந்து எடுத்தற்கு ஒரு நாளுக்கு மேலும் செல்லும். நினைவகம் போதாத கணினிக்கு விரைவான செயலியைப் பொருத்துவதால் அச்செயலி காத்திருக்கும் நேரமே மிகும். மாறாக, போதிய நினைவகமுள்ள கணினிக்கு அதனை இருமடங்காக்கினும் வேகம் கூடாது.

மூன்றாவது வரைவியல் அட்டை. வளைந்த பரப்புக்களைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்துத் திரையிற் காட்டுதல் அதன் தொழில். ஒரு முக்கோணம் மற்றொன்றை எதிர்பாராதாகையால், பல்லாயிரம் சிறு கணிப்புக் கூறுகள் ஒருங்கே தொழில்புரிய இங்கு இடமுண்டு. 1980களின் தொடக்கத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிளார்க் வடிவக்கணிதத்துக்கெனத் தனிச்சில்லு அமைத்த காலந்தொட்டு இவ்வழி வளர்ந்துவந்துள்ளது. எனினும் பொருளைச் சுழற்றிப் பார்த்தல் இவ்வட்டையால் விரையுமேயன்றி, பொருளின் அளவை மாற்றி மீளாக்குதல் விரையாது. பல்லாயிரம் தனி உறுப்புக்களைக் கொண்ட எந்திரத்தைச் சுழற்றும்போது, ஒவ்வோர் உறுப்பையும் பற்றி அட்டைக்கு அறிவிக்கும் பொறுப்புச் செயலிக்கே உரியது. அங்கும் சிறந்த அட்டை செயலிக்காகக் காத்திருத்தல் நேரும். மடிக்கணினிகள் சிலவற்றில் வலிய அட்டையும் எளிய உள்ளமை அட்டையும் சேர்ந்திருக்கும். மென்பொருள் எளியதையே பயன்படுத்திக்கொண்டிருப்பின், அமைப்பை மாற்றுதலன்றி வேறு செலவு வேண்டுவதில்லை.

இம்மூன்றின் வேறாகப் புறக்காரணங்கள் இரண்டு உள. செயலி மிகச் சூடேறின் தன்னைக் காத்தற்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியிற் படிந்த தூசியை அகற்றுதலே அதற்குரிய பரிகாரமாதலுண்டு. கோப்புக்கள் தொலைவிலுள்ள வழங்கிக் கணினியில் இருப்பின் வலையமைப்பின் மந்தமும் தாமதமாகத் தோன்றும்.

இனி, காரணத்தைக் கண்டறியும் வழி யாது? பணிசெயல் முறைமை காட்டும் அளவைகளே போதியன. எட்டுக் கோர்களுள்ள செயலியில் ஒன்று மாத்திரம் முழுமூச்சாய் உழைப்பின், மொத்த அளவை ஏறக்குறைய 12.5 வீதம் என்றே காட்டும். இதனைக் கண்டு செயலி ஓய்ந்திருக்கின்றது என்று மயங்குதல் கூடாது. கோர்களைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும். நினைவகம் நிரம்பிச் சேமிப்பகம் ஓயாது இயங்கின் குறை நினைவகத்தது. நிழலிட்ட தோற்றத்தை நீக்கி வெறுங்கோட்டுத் தோற்றமாக்கியவுடன் சுழற்சி விரையின் குறை அட்டையது. தொடக்கத்தில் விரைந்து சில நிமிடங்களில் தளரின் குறை வெப்பத்தது. கோப்பைத் தன் கணினிக்குப் படியெடுத்துத் திறக்கும்போது விரையின் குறை வலையமைப்பினது.

நோயைத் தெளிந்த பின்னரே மருந்தை நாடுதல் நல்ல மருத்துவர் முறை. விலை மிகுந்த மருந்தாயினும் நோய்க்குரியதன்றாயின் பயன்படாது. குறைந்த பொருள்வளத்தோடு பத்துக் கணினிகளைப் பேணும் ஒரு கல்லூரி, ஒவ்வொன்றுக்கும் சிறந்த வரைவியல் அட்டை வாங்கிய பின்னர் நினைவகம் வாங்கப் பணமில்லாது நிற்குமாயின், இழப்பு அதிற் பயிலும் மாணவரைச் சாரும். அரைமணி நேரம் அளவைகளை நோக்கியிருத்தற்குச் செலவேதுமில்லை. அதன்பின் வாங்கப்படும் உறுப்புச் சிறிதாயினும், 1980களில் துணைச்செயலி தந்த பயனைப் போன்ற பயனைத் தருதல் கூடும்.