சக்கர நாற்காலி வேன்

சக்கர நாற்காலி வேன் என்பது, சக்கர நாற்காலியில் இருப்பவர் அதை விட்டு இறங்காமலும் பிறரால் தூக்கப்படாமலும் நாற்காலியோடு உள்ளே ஏறவும், அதில் அமர்ந்தவாறே பயணம் செய்யவும் ஏற்றதாக மாற்றியமைக்கப்பட்ட கூடுந்து ஆகும். சில வகைகளில் நாற்காலியில் இருந்தபடியே வண்டியை ஓட்டவும் இயலும். கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம் அடைந்தோர், தசைச் சிதைவு நோய் உள்ளோர், கடுமையான பெருமூளை வாதம் உள்ளோர், இளம்பிள்ளை வாதத்தால் கைகால்கள் செயலிழந்தோர் ஆகியோர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

தேவை

கைகளில் வலுவுள்ளவர் சக்கர நாற்காலியிலிருந்து தானுந்தின் இருக்கைக்குத் தாமே மாறி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்துவிட முடியும். கைகளும் செயலிழந்தவருக்கு இது இயலாது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டும்; தூக்குவோருக்கு முதுகுவலியும், தூக்கப்படுபவருக்குத் தோள் மூட்டு விலகும் இடரும் உண்டு. மின் சக்கர நாற்காலியோ பெரும்பாலும் மடிக்க முடியாதது. பலவற்றின் எடை 130 முதல் 180 கிலோகிராம் வரை வரும். மேலும் அந்நாற்காலியின் முதுகுச் சாய்வு, தலைத் தாங்கி, மெத்தை ஆகியவை ஒருவருடைய உடலுக்கென்றே அளவெடுத்து அமைக்கப்படுபவை. சாதாரண இருக்கையில் சில நிமிடங்கள் கூட நிமிர்ந்து இருக்க முடியாதவர்கள் இருக்கின்றனர். எனவே மனிதரை வண்டிக்கு ஏற்ப மாற்றுவதை விட, வண்டியை நாற்காலிக்கு ஏற்ப மாற்றுவதே வழி என்றாயிற்று.

வரலாறு

ஊனமுற்றோருக்கான ஊர்திகளின் தொடக்கம் வேன் அன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் 1940களின் இறுதியில் உருவாக்கிய இன்வாகார் என்னும் மூன்று சக்கர வண்டி, பிரித்தானிய அரசால் பல ஆண்டுகள் ஊனமுற்றோருக்கு வழங்கப்பட்டது. அதில் ஒருவர் மட்டுமே அமர முடியும். மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்ல இடமில்லை என்பது அதன் பெருங்குறை. பாதுகாப்புக் காரணங்களால் 2003 மார்ச் 31 அன்று அது சாலைகளிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. 1977இல் தொடங்கப்பட்ட மோட்டபிலிட்டி திட்டம், அரசு உதவித்தொகையைக் கொண்டு வழமையான தானுந்தையோ மாற்றியமைக்கப்பட்ட ஊர்தியையோ குத்தகைக்குப் பெறும் வழியை ஏற்படுத்தியது.

வேன் வடிவம் வளர்ந்தது பெரும்பாலும் அமெரிக்காவில் ஆகும். இந்தியானா மாநிலத்தின் வினமாக் ஊரைச் சேர்ந்த ரால்ஃப் பிரான் (1940–2013) இதில் முதன்மையானவர். ஆறு வயதில் அவருக்குத் தசைச் சிதைவு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. பதின்ம வயதிலேயே சக்கர நாற்காலியைச் சார்ந்தார். 1960களின் தொடக்கத்தில் தமக்கென மின்கலத்தால் ஓடும் மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்றைச் செய்து, அதிலேயே வேலைக்குச் சென்று வந்தார். இந்தியானாவின் பனிக்காலத்தில் திறந்த ஸ்கூட்டர் பயன்படவில்லை. ஆகவே 1966இல் பழைய அஞ்சல் ஜீப் ஒன்றை வாங்கி, கையால் இயக்கும் கருவிகளையும் நீரழுத்த லிப்டையும் பொருத்தினார். 1970இல் டாட்ஜ் நிறுவனத்தின் பெரிய வேன் ஒன்றுக்கும் இவ்வாறே லிப்ட் அமைத்தார். அதைக் கண்டு பிறரும் கேட்டனர். பகுதிநேரத் தொழிலாக இருந்தது 1972இல் பிரான் நிறுவனம் ஆயிற்று. 1991இல் அந்நிறுவனம் தரை தாழ்த்தப்பட்ட சிறு வேனை வெளியிட்டது. தம் தேவைக்காக ஒருவர் கொட்டகையில் செய்த பொருள் ஒரு தொழில்துறையாக வளர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொழிற்சாலையிலேயே சக்கர நாற்காலிக்கென வடிவமைக்கப்பட்ட எம்.வி.-1 என்னும் ஊர்தி 2011இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் 2016இல் அதன் உற்பத்தி நின்றது. எனவே பொதுச் சந்தைக்கான வேனை வாங்கி அறுத்து மாற்றுவதே இன்றும் வழக்கமாக உள்ளது.

தரையைத் தாழ்த்துதல்

மாற்றியமைப்பில் மிகக் கடினமான பணி இதுவே. மின் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த ஒருவரின் உச்சந்தலை தரையிலிருந்து ஏறக்குறைய 130 முதல் 140 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறு வேனின் பக்கக் கதவுத் திறப்போ சுமார் 120 செ.மீ. தான். தலையைக் குனியவும் முடியாதவர் எவ்வாறு நுழைவார்? கூரையை உயர்த்துவது ஒரு வழி. பெரிய வேன்களில் அவ்வாறு செய்கின்றனர். சிறு வேன்களில் தரைத் தகட்டை முழுவதுமாக அறுத்தெடுத்து, சுமார் 25 செ.மீ. அல்லது அதற்கும் கீழாகப் புதிய எஃகுத் தரையைப் பற்றவைக்கின்றனர். அதற்காக எரிபொருள் தொட்டி, புகைபோக்கிக் குழாய், பிரேக் குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவற்றை இடம் மாற்ற வேண்டியுள்ளது. வண்டியின் அடிப்புறம் சாலைக்கு நெருங்கிவிடாதிருக்கச் சஸ்பென்ஷனையும் உயர்த்துவர். இருந்தும் வேகத்தடைகளில் அடிதட்டுவது இவ்வேன்களின் பொதுவான குறை.

தரை தாழ்வதால் மற்றொரு பயனும் உண்டு. சக்கர நாற்காலியின் இருக்கை வண்டி இருக்கையை விட உயரமானது. தரை தாழ்த்தப்படாத வேனில் அமர்பவரின் கண்கள் சன்னலின் மேல் விளிம்புக்கு மேலே போய்விடும். அவருக்குத் தெரிவது கூரையின் உட்புறம் மட்டுமே. ஊரைப் பார்க்கப் புறப்பட்டவர் ஒன்றையும் பாராமல் திரும்புவது சிறிய செய்தி அன்று. பலருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் இதனால் வருகின்றன.

மின்சாரத் தானுந்துகளில் மின்கலத் தொகுதி தரைக்கு அடியிலேயே பரப்பப்பட்டிருப்பதால் அதனை அறுத்துத் தாழ்த்த இயலாது. வருங்காலத்தில் இத்துறை எதிர்கொள்ளும் பெரிய சிக்கல் இதுவாகும்.

சாய்தளமும் லிப்டும்

பெரிய வேனின் தரை 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், கட்டடங்களுக்கு விதிக்கப்படும் 12க்கு 1 என்ற சரிவில் சாய்தளம் அமைக்க 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இது நடவாது. ஆகவே இவற்றில் மின்விசையால் ஏறி இறங்கும் மேடை, அதாவது லிப்ட் பொருத்தப்படுகிறது. அமெரிக்க விதிகளின்படி அது 600 பவுண்டு (272 கிலோகிராம்) எடையைத் தாங்க வேண்டும். நாற்காலி உருண்டு விழாதிருக்க விளிம்புத் தடுப்பும், மின்சாரம் நின்றால் கையால் இயக்கும் ஏற்பாடும் கட்டாயம். இந்த இரண்டாவது ஏற்பாடு எங்குள்ளது, எப்படி இயக்குவது என்பதை உடன் செல்பவர் முன்பே பழகியிருப்பது நல்லது. இரவில் சாலையோரத்தில் கற்றுக்கொள்ள ஏற்றதன்று.

தரை தாழ்த்திய சிறு வேனுக்குச் சாய்தளம் போதும். கதவு திறக்கும்போது வண்டியின் ஒரு பக்கம் தாழ்ந்து 'மண்டியிடும்'. சாய்தளத்தின் சரிவு குறையும். பக்கவழி வேனில் பயணி முன்னிருக்கை இடத்திற்கோ ஓட்டுநர் இடத்திற்கோ செல்ல முடியும். பின்வழி வேன் விலை குறைந்தது. ஆனால் பயணி வழக்கமாகப் பின்பகுதியிலேயே இருக்க நேரும்.

பக்கவழி வேனுக்குப் பக்கவாட்டில் சுமார் இரண்டரை மீட்டர் வெற்றிடம் தேவை. அமெரிக்காவில் இதற்கென வாகன நிறுத்தங்களில் கோடிட்ட பகுதி ஒதுக்கப்படுகிறது. அக்கோடுகளின் பொருளறியாத ஒருவர் அங்கே தம் வண்டியை நிறுத்திவிட்டால், வேனின் உரிமையாளர் அவர் திரும்பி வரும்வரை மழையிலும் பனியிலும் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

நாற்காலியைப் பிணைத்தல்

நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டால் போதும் என்பது பரவலான, ஆபத்தான தவறான எண்ணம். ஐ.எஸ்.ஓ. 7176-19 தரத்தின்படி, ஊர்தியில் இருக்கையாகப் பயன்படும் நாற்காலி மணிக்கு 48 கி.மீ. வேக மோதலை ஒத்த சோதனையில் தேற வேண்டும். அம்மோதலில் ஏற்படும் வேகத்தளர்வு புவியீர்ப்பின் 20 மடங்கு. அந்நேரத்தில் 150 கிலோகிராம் நாற்காலி 3,000 கிலோகிராம் எடைக்கு இணையான விசையோடு முன்னே பாயும். பிரேக் அதை நிறுத்தாது.

எனவே நாற்காலியின் சட்டத்தில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு பட்டைகள் கொக்கிகளால் மாட்டப்பட்டு, தரையிலுள்ள தண்டவாளங்களில் இறுக்கப்படுகின்றன. சக்கரத்திலோ கழற்றக்கூடிய கால்தாங்கியிலோ மாட்டக் கூடாது. நாற்காலி எப்போதும் முன்னோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பியிருப்பவரின் கழுத்தும் விலாவும் மோதலில் எளிதில் முறியும். பயணிக்குத் தனியே மூன்று முனை சீட் பெல்ட் தேவை. அதன் கீழ்ப்பகுதி வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கைதாங்கிக்கு மேலாகச் செல்லக் கூடாது. உடலை நிமிர்த்தி வைக்க நாற்காலியிலேயே உள்ள இடைப்பட்டை மோதலுக்கானது அன்று. மடிமேசை, பைகள் முதலியவற்றைக் கழற்றித் தனியே கட்டி வைப்பர்.

தாமே ஓட்டுபவர் குனிந்து பட்டைகளை மாட்ட இயலாது. அவருக்கெனத் தரையில் பூட்டு ஒன்று பதிக்கப்படுகிறது. நாற்காலியின் அடியிலுள்ள ஆணி அதனுள் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும்.

ஓட்டும் கருவிகள்

கால்கள் மட்டும் செயலிழந்தவருக்கு ஒரு நெம்புகோல் போதும்: முன்னே தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் ஆக்சிலரேட்டர். விரல்களால் பற்ற முடியாதவரின் மணிக்கட்டை மூன்று முளைகள் தாங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தேவையான விசையையும் மிகக் குறைக்க முடியும். கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் மட்டத்தில் காயமடைந்தோரில் சிலர் இத்தகைய கருவிகளால் ஓட்டுகின்றனர். ஜெர்மனியின் பாராவான் நிறுவனம் உருவாக்கிய ஸ்பேஸ் டிரைவ் போன்ற அமைப்புகளில் ஒரு சிறு ஜாய்ஸ்டிக்கே எல்லாவற்றையும் இயக்குகிறது. அதில் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்குறிகைகளே செல்வதால், ஒன்று பழுதானால் மற்றொன்று ஏற்குமாறு மாற்றுச் சுற்றுகள் வைக்கப்பட்டுள்ளன.

நெடும்பயணம்

வேன் கிடைத்துவிட்டாலும் உடல் சார்ந்த சிக்கல்கள் நீங்குவதில்லை. உணர்ச்சியற்ற தோலில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே அடிக்கடி நாற்காலியைப் பின்னே சாய்த்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். அதற்கேற்ற இடத்தை வேனுக்குள் விட வேண்டும். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ முழுக் காயம் அடைந்தவருக்குக் காயத்திற்குக் கீழே வியர்ப்பதில்லை. வெயிலில் நிறுத்திய வேன் அவருக்கு உயிராபத்து. அவரைப் பொறுத்தவரை குளிரூட்டி ஆடம்பரம் அன்று, மருத்துவத் தேவை.

அதே மட்டக் காயமுடையோருக்கு, சிறுநீர்க் குழாய் மடங்குவதாலோ பெல்ட் தோலை நெருக்குவதாலோ இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடுந்தலைவலி, முகம் சிவத்தல், முகத்திலும் கழுத்திலும் வியர்த்தல் ஆகியன அறிகுறிகள். உடனே வண்டியை நிறுத்தி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி அமர்த்தி, பெல்ட்டைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். குறையாவிடில் மருத்துவ உதவி அவசரமாகத் தேவை.

செயற்கைச் சுவாசக் கருவியைச் சார்ந்தவருக்கு இயந்திரத்தின் உள்மின்கலத்தோடு, எஞ்சினைச் சாராத தனி மின்கலம் ஒன்றும் வேனில் பொருத்தப்படுகிறது. கையால் அழுத்தும் சுவாசப் பை பின்பெட்டியில் அல்லாமல் உதவியாளரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

சட்டமும் விலையும்

மாற்றியமைப்பின் செலவு சில வேளைகளில் வேனின் விலையை எட்டிவிடும். இதனால் பழைய மாற்று வேன்களுக்குத் தனிச் சந்தை உள்ளது. அமெரிக்காவில் 2001 முதல், ஊனமுற்றோருக்காகச் சில பாதுகாப்புக் கூறுகளை நீக்க நேரும் பட்டறைகள் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்து, நீக்கியவற்றை உரிமையாளருக்கு எழுத்தில் தர வேண்டும்.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 'ஊனமுற்றோர் வண்டி' என்ற ஒன்றை மட்டுமே அறிந்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குப் பதிலாக 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற வரையறையைச் சேர்த்தது. ஊனமுற்றவர் ஓட்டுவதற்காக மட்டுமன்றி, அவரை ஏற்றிச் செல்வதற்காக மாற்றப்பட்ட ஊர்தியும் இவ்வரையறைக்குள் அடங்கும்.