பாசமலரா, நெஞ்சில் ஓர் ஆலயமா?

மத்தியானம் அடுக்களையை ஒழித்துவிட்டு எங்கள் மாடி வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு எப்படியோ பழைய சினிமாவில்தான் போய் நிற்கும். சண்டையும் வரும்!

"பீம்சிங்கை அடிச்சுக்க ஆள் ஏது?" என்பாள் என் நாத்தனார். பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றுமே 1961-ல் அவர் தந்தவை. பாசமலர் என்றாலே இவளுக்குக் கைக்குட்டை வேண்டும்.

எனக்கென்னவோ ஸ்ரீதர்தான். 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தையே பாருங்களேன். ஏறக்குறைய முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள். புற்றுநோயோடு படுத்திருக்கும் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா. வைத்தியம் பார்க்கும் கல்யாண்குமாரோ, ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவர். பாசமலர் மாதிரி ஊரைக் கூட்டி அழவைக்காது, தனியாக அழவைக்கும்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமி திடீரென்று, "அந்தப் படம் எனக்கு ஆகாதுடி" என்றார். மாமாவைக் கொண்டுபோனதும் அதே வியாதிதான்.

"நான் போயிட்டா டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கோன்னு புருஷன் சொல்றான். பெரிய மனசுங்கறேள். அவளை ஒரு வார்த்தை கேட்டானா? எங்காத்து மாமாவும் அப்படித்தான். பாஸ்புக், வீட்டுப் பத்திரம், நான் யார்கிட்ட இருக்கணும், எல்லாம் அவரே தீர்மானம் பண்ணிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லக்கூட முடியலை. படத்திலே அவன் அதைச் சொன்னதுமே டி.வி.யை அணைச்சுட்டேன்."

நாத்தனார்கூட வாயைத் திறக்கவில்லை.

"மாமி, அதுக்கப்புறம்தானே தேவிகா பாட்டே வருது! நீங்க கேட்டதைத்தான் அவளும் புருஷனைக் கேக்கறா" என்றேன்.

மாமி சற்று நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை போடு, பார்ப்போம். நீ கூடவே இரு."