திறந்த உரிமமும் பெயர் சுட்டும் கடமையும்

மாணவர்களின் இடுபணிகளையும் ஆய்வேடுகளையும் திருத்தும்போது ஒரு வழக்கத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். புறநானூற்றுப் பாடலை மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் உ.வே.சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பைக் காட்டிவிடுகின்றனர். இலவசமாகக் கிடைப்பதற்குப் பெயர் சுட்ட வேண்டியதில்லை என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்தாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த உரிமம் என்பது ஆசிரியர் தம் உரிமையைத் துறப்பதன்று. சில நிபந்தனைகளோடு படைப்பைப் படியெடுக்கவும் பகிரவும் முன்கூட்டியே வழங்கும் இசைவாகும். 2001இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் உரிமங்களை வெளியிட்டபோது, பெயர் சுட்ட வேண்டாத வகைகளும் அவற்றுள் இருந்தன. அவற்றை நாடியோர் மிகச் சிலரே. ஆதலின் 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை கைவிடப்பட்டன. வணிகப் பயனை விட்டுக்கொடுக்க முன்வந்தவர்களும் தம் பெயரை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பது கருதத்தக்கது. இன்று வழங்கும் ஆறு உரிமங்களுமே பெயர் சுட்டுதலைக் கட்டாயமாக்குகின்றன. எடுத்தாள்பவர் மாற்றம் ஏதும் செய்திருப்பின், 2013இல் வெளிவந்த நான்காம் பதிப்பின்படி அதனையும் குறிப்பிட வேண்டும்.

சங்க இலக்கியத்திற்குப் பதிப்புரிமை ஏது எனச் சிலர் வினவலாம். சட்டப்படி இல்லைதான். ஆனால் சட்டக் கடன் வேறு, ஆய்வுக் கடன் வேறு. இயற்பெயர் தெரியாத குறுந்தொகைப் புலவரையும் அவர் பாட்டின் தொடர்கொண்டே செம்புலப்பெயனீரார் எனச் சுட்டிய மரபு நம்முடையது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைத் தருகிறது. அம்முகப்பைச் சிதைக்காமல் எவரும் நூலைப் பரப்பலாம் என்பதே அது விதிக்கும் நிபந்தனை. நம் மாணவர் முதலில் நீக்குவதோ அம்முகப்பைத்தான்!

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. தட்டச்சில் ணகரமும் னகரமும் இடம் மாறி ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்துவிட்டால், அடிக்குறிப்பை நம்பும் வாசகர் அப்பிழையை உ.வே.சா. மீதே ஏற்றுவார். சுவடி தந்துதவியோரை முகவுரையில் பெயர் குறித்து நன்றி பாராட்டியவர் அப்பெருமகனார். உழைத்த தன்னார்வலர் பெயர் மறைவதோடு, பாடத்தின் வரலாறும் இங்குப் பொய்யாகிறது.

ஆகவே, மின்பதிப்பிலிருந்து எடுத்தவர் மின்பதிப்பையே சுட்டுதல் வேண்டும். அதன் எண்ணும் பார்வையிட்ட நாளும் அடிக்குறிப்பில் இடம்பெறுதல் நன்று. அச்சுநூலைக் கையில் எடுத்து ஒப்புநோக்கியவர் மட்டுமே அதனையும் உடன் சேர்க்கலாம்.