ஐஸைத் தேடுமுன் ஃபேனைப் போடுங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களின் கை முதலில் ஃப்ரீசர் பக்கம்தான் போகிறது. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டால் சூடு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. இறங்கும்தான், ஆனால் எவ்வளவு? உட்காருங்கள், டீ வருவதற்குள் கணக்குப் போட்டுவிடலாம்.

தொட்டி 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகிக் கரைந்தாலும் தண்ணீர் சுமார் ஒரு டிகிரிதான் குறையும். அதே தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், கிட்டத்தட்ட 6 டிகிரிக்கு உண்டான சூட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடும். டீ மாஸ்டர் தூக்கி ஆற்றுகிறாரே, அதுவும் இதே வேலைதான். ஆகவே கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, காற்று நீர்மட்டத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன ஃபேனைச் சாய்த்து வையுங்கள். மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க மேலே வலை போட மறக்காதீர்கள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டிருந்தால் இன்னும் எவ்வளவு வாங்கும்? மதுரையில் வெயில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஃபேன் காற்று தண்ணீரை 26 டிகிரி அளவுக்குக்கூட இறக்கப் பார்க்கும். சென்னையில் கடலோர வீட்டில் வெயில் 34தான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், எத்தனை ஃபேன் சுழன்றாலும் 29-க்குக் கீழே போகாது. வெயில் குறைந்த ஊரில் தொட்டி அதிகம் சூடாக இருப்பது இதனால்தான். அந்தப் புழுக்கத்துக்கு அறையில் ஏசி வேண்டும், இல்லையென்றால் சில்லர். சில்லர் வாங்குகிறவர்கள் பலர் அதைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே கொட்டியாக வேண்டும். அலமாரிக்குள் எங்கே கொட்டும்? ஜன்னலோரம் வையுங்கள்.

சூடு வெயிலிலிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற 40 வாட் பம்ப் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கிறது. அத்தனையும் கடைசியில் சூடாகித் தண்ணீரில்தான் சேரும். எங்கும் வெளியேறாமல் தங்கினால் 100 லிட்டரை 8 டிகிரி ஏற்றிவிடும். விளக்கைப் பகலில் அணைத்து, சாயங்காலத்துக்கு மேல் போடுவதும் பலன் தரும். மீன் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

ஃபேன் போட்ட தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயே இருக்கும். 3 லிட்டர் குறைந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36 ஆகிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், அதுவும் தினமும். பலர் உப்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டு, மீன் ஏன் சோர்ந்து கிடக்கிறது என்று மருந்து தேடுகிறார்கள்.

உண்மையில் மீனை முதலில் வாட்டுவது மூச்சுத் திணறல்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 6.2தான். சூட்டில் மீனுக்கோ கூடுதலாகத் தேவை. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து செவுளை வேகவேகமாக அடித்தால், தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் ஏர் பம்பைப் போடுங்கள். கரன்ட் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரைச்சல்தான், பரவாயில்லை. இரண்டு மூன்று நாளைக்குத் தீனியையும் குறையுங்கள்.

எத்தனை டிகிரி வேண்டும் என்று கேட்டால், 25 முதல் 27 வரை என்பேன். அது முடியாவிட்டால் 28-லேயே நிலையாக இருப்பது, பகலில் 30, ராத்திரி 25 என்று ஏறி இறங்குவதைவிட மேல். கோமாளி மீனோடு கடல் சாமந்தி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூடு தாங்காமல் வெளியேறினால் அது வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததற்கும் இதுதான் காரணம். (கடலிலிருந்து எடுத்த பவளத்தை வீட்டில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.)

ஐஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கரன்ட் இல்லாத மதியத்தில், இறுக்கி மூடிய சின்ன பாட்டிலாக, ஒன்று உருகிய பிறகு அடுத்தது என்று போடலாம். பெரிய பாட்டில்கள் இரண்டை ஒரே நேரத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.